பாட்டியின் பெட்டியைத் திறக்கும் முன்: பழைய நகை, வெள்ளி, கடிகாரம் படிக்க ஒரு வழிகாட்டி

தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறைப் பக்கம் கொஞ்சம் பழைய குடும்பமாக இருந்தால் பீரோவின் அடித்தட்டில் ஒரு பெட்டி கட்டாயம் இருக்கும். கல் விழுந்த அட்டிகை, ஒற்றைத் தோடு, மூக்கு ஒடிந்த பன்னீர்ச்செம்பு, எப்போதோ நின்றுபோன பாக்கெட் வாட்ச் எல்லாம் அதில் கலந்து கிடக்கும். பாட்டி போனபிறகு பாகம் பிரிக்கும்போதோ, பேத்தி கல்யாணத்துக்கு நகை சேர்க்கும்போதோ அதைத் திறக்கிறோம். அன்று சாயங்காலத்துக்குள் பாதிச் சாமான் கடைத் தராசில் ஏறி, கல்லும் அரக்கும் அழுக்கும் போக மிச்ச எடைக்குக் காசாகி, மறுநாள் உருகிவிடுகிறது. தங்கத்தின் விலை கைக்கு வந்துவிடுகிறது, சரி. ஆனால் அந்த வேலைப்பாட்டுக்கு யாரும் ஒரு பைசா தருவதில்லை, என்ன போனது என்று எழுதிவைத்த ஒரு தாள்கூட வீட்டில் தங்குவதில்லை. இதை எத்தனை வீடுகளில் பார்த்தாலும் மனசு ஆறவில்லை.

உருக்குவதும் வைத்துக்கொள்வதும் உங்கள் வீட்டு முடிவு. அதற்கு முன்னால் ஒரு நாள் உட்கார்ந்து ஒவ்வொன்றையும் படித்து எழுதிவைப்பது எப்படி என்று, இதுவரை நகைக்கடை ரசீதைத் தவிர எதையும் படித்திராதவர்களுக்காகச் சொல்கிறேன்.

தேவையான சாமான்கள்

பத்து மடங்கு பெரிதாக்கும் மடக்கு லென்ஸ் ஒன்று, 0.01 கிராம் வரை காட்டும் சின்ன டிஜிட்டல் தராசு, ஒரு காந்தம், செல்போன் கேமரா, ஒரு நோட்டு, விரிக்க ஒரு பழைய வெள்ளை வேட்டி. உதிர்ந்து விழும் சின்னக் கல்லும் முத்தும் வெள்ளைத் துணியில்தான் கண்ணில் படும்.

எதையும் கழுவாதீர்கள், தேய்க்காதீர்கள். முதல் நாள் படம் எடுப்பதோடு சரி, முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று. அப்புறம் வீட்டில் மூத்தவர்கள் யார் இருக்கிறார்களோ, அத்தை, பெரியம்மா, சித்தப்பா, அவர்களைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒவ்வொன்றாகக் கேளுங்கள். யாருக்குப் போட்டது, எந்தக் கல்யாணத்தில், எந்த ஊர்ப் பத்தர் செய்தார், எப்போதாவது அழித்துச் செய்ததா. பழைய கல்யாண போட்டோக்களையும் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். 1940-50களில் எடுத்த ஸ்டூடியோ படங்களில் நகை நன்றாகத் தெரியும், பெட்டியில் இருப்பதோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

எழுதும் முறையைப் பெரிய கோயிலிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள்

நோட்டில் என்ன எழுதுவது என்று புதிதாக யோசிக்க வேண்டியதே இல்லை, ஆயிரம் வருடத்துக்கு முன்பே நம் ஊரில் அதற்கு ஒரு முறை இருந்திருக்கிறது. 1010இல் ராஜராஜன் கட்டி முடித்த தஞ்சைப் பெரிய கோயிலின் அதிட்டானத்தை, அதாவது அடிப்பீடத்தை, சுற்றி நடந்தால் கண் மட்டத்தில் கல்வெட்டு ஓடிக்கொண்டே இருக்கும். கோயிலுக்குக் கொடுத்த நகைகளின் பட்டியல் அதில் நீளமாக வருகிறது. பொன்னை ஆடவல்லான் என்ற எடைக்கல்லாலும், ரத்தினம் பதித்த நகைகளைத் தக்ஷிணமேருவிடங்கன் என்ற எடைக்கல்லாலும் நிறுத்திருக்கிறார்கள். எடை கழஞ்சு, மஞ்சாடி, குன்றி என்று போகிறது. இருபது மஞ்சாடி ஒரு கழஞ்சு, இரண்டு குன்றி ஒரு மஞ்சாடி.

முத்து இத்தனை என்று மட்டும் எழுதி அவர்கள் நிறுத்திக்கொள்ளவில்லை. வட்டம், அனுவட்டம், ஒப்புமுத்து, குறுமுத்து, கறடு, இரட்டை, சப்பத்தி, குளிர்ந்த நீர், சிவந்த நீர் என்று வடிவத்தையும் ஒளியையும் வைத்துப் பிரித்திருக்கிறார்கள். வைரத்தில் பொரிவு, முறிவு, ரத்தபிந்து, காகபிந்து, வெந்தது என்று குறையையும் மறைக்காமல் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். எடை சொல்லும் இடத்தில் சரடு நீக்கியா, அரக்கு உட்படவா என்றுகூடக் குறித்திருக்கிறார்கள். அரசன் கொடுத்த நகை, சாமிக்குப் போடும் நகை, அதிலேயே இவ்வளவு நேர்மையாகக் கணக்கு வைத்திருக்கும்போது நம் வீட்டு அட்டிகைக்கு ஒரு பக்கம் எழுத நமக்கு என்ன தயக்கம்?

ஆக, ஒரு நகைக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். பெயர், கொடுத்தவர், மொத்த எடை, கல்லும் முத்தும் எத்தனை, என்ன நிறம், எங்கே உடைந்திருக்கிறது, உள்ளே அரக்கு இருக்கிறதா, சரடு நீக்கி எடுத்த எடையா. அவ்வளவுதான்.

கண்ணைப் பழக்க ஒரு நாள்

தஞ்சாவூர் அரண்மனையில் இருக்கும் கலைக்கூடத்துக்கு ஒரு தடவை போய்வாருங்கள். அங்கே இருக்கும் சோழர் செப்புத் திருமேனிகளைப் பக்தியோடு பார்ப்பது ஒன்று, நகைக்காகப் பார்ப்பது இன்னொன்று. திருவெண்காட்டிலிருந்து வந்த கல்யாணசுந்தரர் தொகுதியில் அம்மன் கழுத்தையும் தோளையும் இடுப்பையும் மேலிருந்து கீழாகப் பாருங்கள். கழுத்தோடு ஒட்டிய கண்டிகை, அதன் கீழே ஆரம், மேற்கையில் கேயூரம், மணிக்கட்டில் கடகம், இடுப்பில் மேகலை. இன்றைக்கு மணப்பெண்ணுக்குப் போடும் அட்டிகை, ஆரம், வங்கி, வளையல், ஒட்டியாணம் எல்லாம் அதே இடங்களில்தான் உட்காருகின்றன. நடராசர் செப்புச் சிலைகளில் காதைக் கவனியுங்கள்: ஒரு காதில் குழை, மறு காதில் தோடு.

அடுத்த கட்டம் மராத்தியர் காலம், 1676 முதல் 1855 வரை. அந்தக் காலத்து நகைகளைப் பற்றித் தெரிந்துகொள்ள தஞ்சாவூர் ஓவியங்களைவிட நல்ல இடம் கிடையாது. தங்க ரேக்கு (மெல்லிய தங்கத் தாள்) ஒட்டி, கண்ணாடிக் கல் பதித்து, ராக்கொடி, நெற்றிச்சுட்டி, பதக்கம் என்று ஓவியர்கள் நிஜ நகையைப் பார்த்தே வைத்திருக்கிறார்கள்.

தங்கம்: முதலில் திருப்பிப் போடுங்கள்

நகை வாங்குகிறவர்கள் முன்பக்கத்தைப் பார்ப்பார்கள், நகையைப் படிக்கிறவர்கள் பின்பக்கத்தில் ஆரம்பிக்க வேண்டும். கல் பதித்த பழைய அட்டிகை ஒன்றைக் கவிழ்த்து லென்ஸை வையுங்கள். பின் தகடு கையால் தட்டியதாக இருந்தால் மேற்பரப்பு முழுக்க ஒரே சமமாக இருக்காது, விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் மெல்லிய மேடு பள்ளம் தெரியும். யார் கண்ணிலும் படாத அந்தப் பக்கத்திலும் சில பத்தர்கள் ஒரு கொடியோ பூவோ வெட்டியிருப்பார்கள், அதைப் பார்த்தால் தனியாகப் படம் எடுங்கள். ஓரத்தில் சின்னச் சின்னத் தேய்ப்புத் தழும்புகள் இருந்தால் அவை உரைகல்லில் உரைத்த இடங்கள். டெல்டாவில் இது நிறைய இருக்கும். ஜூன் 12இல் மேட்டூர் திறந்து தண்ணீர் வருகிறது என்றால் நாற்றுக்கும் உழவுக்கும் நகை அடகுக்குப் போகும், அறுவடைக்கு அப்புறம் மீண்டு வரும், ஒவ்வொரு தடவையும் ஒரு உரசல். அந்தத் தழும்பைப் பாலிஷ் போட்டு எடுக்கச் சொல்லாதீர்கள், அது அந்த நகையின் வரலாறு.

உள்ளே அரக்கா கெட்டியா என்று பார்ப்பது அடுத்த வேலை. பார்வைக்குப் பெரிதாக இருந்து கையில் லேசாக இருந்தால் கூடு. உள்ளே அரக்கு ஊற்றி நிரப்பியிருப்பார்கள். கல்லின் அடியில் பளபளப்புக்காக மெல்லிய ரேக்குத் தாள் வைத்து மூடிப் பதிப்பதும் பழைய வேலை. இப்படிப்பட்ட நகையைச் சுடுதண்ணீரில் போடவே கூடாது, பச்சைத் தண்ணீரில் ஊறவைப்பதும் ஆபத்து. தண்ணீர் உள்ளே இறங்கினால் தாள் கறுத்து, சிவப்புக் கல் காப்பித்தூள் நிறத்துக்கு வந்துவிடும், அப்புறம் கல்லைக் கழற்றாமல் சரிசெய்ய முடியாது. காய்ந்த மெல்லிய பிரஷ் போதும்.

சிவப்புக் கல்லெல்லாம் மாணிக்கம் என்று சந்தோஷப்பட்டுவிட வேண்டாம், எல்லாம் கண்ணாடி என்று கடைக்காரர் சொன்னால் அதையும் அப்படியே ஏற்க வேண்டாம். லென்ஸில் உருண்டைக் குமிழ்கள் தெரிந்து, கல்லின் விளிம்பு மழுங்கியிருந்தால் பெரும்பாலும் கண்ணாடி. உள்ளே ஒழுங்கில்லாத ஊசிகளும் மேகங்களும் இருந்தால் இயற்கைக் கல்லாக இருக்க வாய்ப்பு அதிகம். மூன்றாவதாக ஒன்று உண்டு. வெர்னாய் என்ற பிரெஞ்சுக்காரர் தீச்சுடரில் மாணிக்கம் வளர்க்கும் முறையை 1902இல் அறிவித்தார். அதற்குப் பின் செயற்கை மாணிக்கம் உலகம் முழுக்கப் பரவியது, திருச்சியில் செயற்கைக் கல் பட்டை தீட்டுவது பெரிய குடிசைத் தொழிலாகவே நடந்தது. அந்தக் கல்லில் குறையே இருக்காது, ஆனால் உற்றுப் பார்த்தால் உள்ளே வளைந்த கோடுகள் தெரியும். இதை உறுதிசெய்ய ரத்தினப் பரிசோதனைக் கூடம்தான் சரியான இடம்.

வைரத் தோட்டுக்கு வருவோம். ஏழு கல் தோடு, எட்டுக் கல் பேசரி என்ற மூக்குத்தி இல்லாத பழைய வீடு இங்கே குறைவு. கல்லை நேர் மேலிருந்து லென்ஸில் பாருங்கள். நடுவில் ஓட்டை போட்டதுபோல் ஒரு சின்ன ஜன்னல் தெரிந்தால் அடிமுனையைத் தட்டையாக வெட்டிய பழைய பட்டை அது. நவீன பிரில்லியன்ட் வெட்டின் கணக்கை டோல்கோவ்ஸ்கி என்ற வைர நிபுணர் வெளியிட்டது 1919இல். அதற்கு முந்தைய கற்களில் பட்டைகள் கொஞ்சம் கோணலாகவும் கல் சற்று உயரமாகவும் இருக்கும். 1720களில் பிரேசிலில் வைரம் கிடைக்கும்வரை உலகத்துக்கு வைரம் பெரும்பாலும் கிருஷ்ணா நதிப் படுகையிலிருந்துதான் போயிற்று, 1860களின் கடைசியில் தென்னாப்பிரிக்கா வந்தது. நம் பாட்டிகள் பெருமையாகச் சொல்லும் ப்ளூ ஜாகர் வைரம், அங்கே இருக்கும் ஜாகர்ஸ்ஃபோன்டைன் சுரங்கத்தோடு சேர்ந்த பெயர். தோட்டைக் கழற்றும்போது ஒன்றில் கவனம்: கையால் மரை வெட்டிய திருகாணி அதனதன் சுரைக்குத்தான் (திருகு ஏறும் குழாய்) ஏறும், வலது இடது மாறாமல் தனித்தனிக் காகிதத்தில் மடித்துவையுங்கள்.

முத்திரையை வைத்துக் காலம் சொல்வது சுலபம். ஆறு இலக்க எச்.யு.ஐ.டி. (ஒவ்வொரு நகைக்கும் தரும் தனி அடையாளக் குறி) இருந்தால் 2021 ஜூலைக்குப் பிறகு முத்திரையிட்டது. பி.ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) முத்திரை 2000இல் ஆரம்பித்தது. கே.டி.எம். என்று இருந்தால் காட்மியம் கலந்து பற்றவைத்தது, பத்தர்களின் நுரையீரலுக்கு ஆபத்தென்று அந்த முறையைக் கைவிட்டார்கள். எந்த முத்திரையும் இல்லாமல் பத்தர் பெயரின் எழுத்து மட்டும் இருந்தால் அதற்கும் முந்தையதாக இருக்கலாம். 1963இல் தங்கக் கட்டுப்பாடு வந்தபோது 14 காரட்டுக்கு மேல் புது நகை செய்யக்கூடாது என்று தடை போட்டார்கள், எத்தனையோ பத்தர் குடும்பங்கள் அப்போது தொழிலை விட்டன. தடை பிறகு தளர்ந்து, 1968இல் தனிச் சட்டமாகி, 1990இல் அந்தச் சட்டமும் போயிற்று. அறுபதுகளின் நகை ஒன்று மாற்று (தங்கத்தின் தூய்மை) குறைவாக வந்தால் பத்தர் ஏமாற்றினார் என்று உடனே சொல்லிவிடாதீர்கள்.

காசுமாலையில் லட்சுமி காசுக்குப் பதிலாக ராஜா ராணி தலை இருந்தால் ஒவ்வொரு காசாக எடை போடுங்கள். 1817 முதல் அச்சான பிரிட்டிஷ் சவரன் 7.98 கிராம், 22 காரட். வளையம் பற்றவைத்திருப்பதால் எடை கொஞ்சம் கூடும். வருடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

வெள்ளி

பன்னீர்ச்செம்பு, சந்தனக்கும்பா, குங்குமச்சிமிழ், பஞ்சபாத்திரம், வெற்றிலைப்பெட்டி, குழந்தைக்குப் பால் புகட்டும் சங்கு. ஒவ்வொன்றையும் கவிழ்த்து அடியைப் பாருங்கள். சொந்தக்காரர் பெயரின் முதல் எழுத்தும், பக்கத்தில் எடையும் உளியால் வெட்டியிருக்கும். எடை தோலாவில் இருந்தால், மெட்ரிக் அளவை 1962 வாக்கில் முழுமையாக வருவதற்கு முந்தையதென்று வைத்துக்கொள்ளலாம். தோலா என்பது 11.66 கிராம், 1835 முதல் வந்த வெள்ளி ரூபாயின் எடையும் அதுவே. அந்த ரூபாயில் பன்னிரண்டில் பதினோரு பங்கு வெள்ளி. 1940இல் வெள்ளியை எடையில் பாதிப் பங்காகக் குறைத்தார்கள். வெட்டிய எடையை உங்கள் தராசோடு ஒப்பிட்டால் இத்தனை வருடத்தில் தேய்ந்தது எவ்வளவு என்று தெரியும், எனக்கு இந்தக் கணக்கு போட ரொம்பப் பிடிக்கும். தமிழ் எண்களில் எழுதியிருப்பதும் உண்டு, பத்து எண்களையும் முதல் நாளே மனப்பாடம் செய்துவிடுங்கள்.

ஈ.பி.என்.எஸ். என்று இருந்தால் மேலே வெள்ளி முலாம் மட்டும். ஜெர்மன் சில்வர் என்பது செம்பு, நிக்கல், துத்தநாகக் கலவை, வெள்ளி அதில் துளியும் கிடையாது. காந்தம் இழுத்தால் உள்ளே இரும்பு என்று தெரியும், ஆனால் இழுக்காததால் மட்டும் வெள்ளி என்று முடிவுகட்ட முடியாது.

வேலைப்பாட்டில் இரண்டைக் கட்டாயம் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். ஒன்று தஞ்சாவூர் கலைத்தட்டு. மராத்திய மன்னர் இரண்டாம் சரபோஜி காலத்தோடு சேர்த்துச் சொல்லப்படும் இந்தத் தட்டில் அடித்தட்டு ஒருவர் வேலை, அச்சில் தட்டிப் புடைத்த தெய்வ உருவம் இன்னொருவர் வேலை, ஒட்டி முடிப்பது மூன்றாமவர் வேலை. நல்ல தட்டில் நடுவில் இருக்கும் தெய்வத்தின் மூக்கும் விரலும் தனித்தனியாகத் தெரியும், அவசர வேலையில் முகம் மழுங்கியிருக்கும். இன்னொன்று சென்னையின் சுவாமி வேலை. 1849இல் தொடங்கிய பி. ஓர் அண்ட் சன்ஸ் கடை, ஐரோப்பிய வடிவத் தேநீர்க் கெண்டிகளிலும் தட்டுகளிலும் வரிசையாக நம் தெய்வங்களைப் புடைத்து விற்றது. மிராசுதார் வீடுகளில் அப்படி ஒரு கெண்டி இருந்து அடியில் அந்தப் பெயர் இருந்தால் உருக்கவே கூடாது, எடை விலையைவிடப் பல மடங்கு போகும்.

வெள்ளி கறுப்பது காற்றில் இருக்கும் கந்தகத்தால். பல்பொடி போட்டு அழுத்தித் தேய்த்தால் கறுப்போடு சேர்ந்து புடைப்பின் கூர்மையும் போய்விடும். மெல்லிய துணியில் விபூதி தொட்டு லேசாகத் துடையுங்கள், பள்ளங்களில் இருக்கும் கறுப்பை விட்டுவிடுங்கள், அதனால்தான் உருவம் எடுப்பாகத் தெரிகிறது.

கடிகாரம்

நாழிகை வட்டில் என்ற நீர்க்கடிகாரம் வைத்து 24 நிமிடத்துக்கு ஒரு நாழிகையாக நாளை அளந்த ஊர் நம்முடையது. கும்பகோணத்துக்குப் பக்கத்தில் திருவிசநல்லூர் சிவயோகிநாதர் கோயில் மதிலில் அரைவட்டமாக ஒரு சூரிய கடிகாரம் இன்றும் இருக்கிறது, வெயில் நேரத்தில் போய்ப் பாருங்கள். நிமிடக் கணக்கு நம் பக்கம் ரயிலோடுதான் வந்தது. நாகப்பட்டினத்திலிருந்து திருச்சிக்கு 1860களின் தொடக்கத்திலேயே தண்டவாளம் போட்டாயிற்று. ரயில்களுக்கு அப்போது மெட்ராஸ் நேரம். 1906 ஜனவரி 1 முதல் இந்திய நேரம் வந்தபோது கடிகாரத்தை ஒன்பது நிமிடம் முன்னால் தள்ளிவைக்க வேண்டியிருந்தது. அதற்கு முந்தைய கடிகாரம் உங்கள் கூடத்தில் மாட்டியிருந்தால் அந்தத் தள்ளலையும் பார்த்திருக்கும்.

முகப்பில் இருக்கும் பெயர் விற்ற கடையுடையதாகவும் இருக்கலாம், செய்தவர் பெயர் பெரும்பாலும் உள்ளே இயந்திரத் தகட்டில் இருக்கும். அமெரிக்க அன்சோனியா கம்பெனி 1929 வாக்கில் நின்றுபோனது, ஜப்பானிய சேய்கோஷா 1892இல் ஆரம்பித்தது. மேற்கு ஜெர்மனி என்று அச்சிட்டிருந்தால் 1949க்கும் 1990க்கும் இடையில். பாக்கெட் வாட்சின் மூடியை நகத்தால் திறந்து உள்பக்கம் பாருங்கள்: நடக்கும் சிங்கமும் நங்கூரமும் இருந்தால் பர்மிங்காமில் முத்திரையிட்ட 92.5 வெள்ளி, 0.800 என்ற எண்ணோடு ஒரு பறவை இருந்தால் சுவிஸ் வெள்ளி. எச்.எம்.டி. என்ற நம் நாட்டுக் கம்பெனியின் பெயர் இருந்தால் 1961க்குப் பிறகு. இருட்டில் பச்சையாக ஒளிர்ந்த பழைய முள் என்றால் கதிர்வீச்சு உள்ள ரேடியமாக இருக்கலாம், கண்ணாடியைத் திறக்காதீர்கள், சுரண்டவே கூடாது.

சுவர்க் கடிகாரத்தை ஓடவைப்பது பெரிய வித்தை இல்லை. இரண்டு சாவித் துளை இருந்தால் சாதாரணமாக வலப்பக்கம் ஓட்டத்துக்கு, இடப்பக்கம் மணிக்கு. நிமிட முள்ளை முன்னோக்கி மட்டும் நகர்த்துங்கள், ஒவ்வொரு மணியும் அடித்து முடிக்கும்வரை பொறுங்கள். பெண்டுலத்தை ஆட்டிவிட்டுக் காதைக் கொடுங்கள்: டிக், டாக் இரண்டுக்கும் இடைவெளி சமமாக இருக்க வேண்டும். ஒன்று நீண்டு ஒன்று குறுகிக் கேட்டால் பெட்டியின் அடியை ஒரு நூல் இடமோ வலமோ நகர்த்துங்கள், சமமாகக் கேட்கும் இடத்தில் விட்டுவிடுங்கள். வேகமாக ஓடினால் குண்டை இறக்குங்கள், மெதுவாக ஓடினால் ஏற்றுங்கள். தேங்காய் எண்ணெய் மட்டும் விடாதீர்கள். சில மாதத்தில் பிசினாகி, நம் ஊர்த் தூசியோடு சேர்ந்து பல்சக்கரத்தைத் தின்றுவிடும். கடிகார எண்ணெய் தனியாகக் கிடைக்கிறது.

முடிவெடுக்கும்போது

நோட்டு முடிந்ததும் குடும்பத்தில் எல்லோருக்கும் அதைப் படம் எடுத்து அனுப்பிவிடுங்கள், பிறகு பேசுங்கள். விற்பதென்றால் காரட் மீட்டரில் வைத்துப் பார்க்கச் சொல்லி, கல்லை உங்கள் கண் முன்னால் கழற்றி உங்களிடமே தரச்சொல்லுங்கள். பழுது பார்ப்பதென்றால் தஞ்சை, கும்பகோணத்தில் கையால் கல் பதிக்கும் பத்தர்கள் இன்னும் இருக்கிறார்கள். பழைய அரக்கையும் பழைய கல்லையும் அப்படியே வைத்து வேலை செய்ய முடியுமா என்று முதலிலேயே கேளுங்கள், முடியாது என்கிறவரிடம் கொடுக்காதீர்கள்.

சட்டம் பற்றி இரண்டு விஷயம். வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டும்போதோ வயலிலோ பானையில் காசோ சிலையோ கிடைத்தால், 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி அரசுக்குத் தெரிவிக்க வேண்டும், தாசில்தாரிடம் போங்கள். அப்புறம் அமெரிக்காவிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் பிள்ளைகளுக்குக் கொடுத்தனுப்புவது: நூறு வருடம் தாண்டிய கலைப்பொருளை 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி தனியார் வெளிநாட்டுக்கு எடுத்துப் போக முடியாது. பழசுபோலத் தெரியும் வெள்ளிக் கெண்டியோ கடிகாரமோ என்றால் அது தொல்பொருள் இல்லை என்று இந்தியத் தொல்லியல் துறையிடம் சான்றிதழ் வாங்கிக்கொண்டு விமானம் ஏறச்சொல்லுங்கள். விண்ணப்பத்துக்குப் படங்களும் அளவும் வேண்டும், அவை உங்கள் நோட்டில் தயாராக இருக்கும்.